கவசமில்லாத சிப்பாய்

போன மாதம் மழை விட்ட ஒரு காலையில் கீழ் வீட்டுப் பையன் தீப்பெட்டியோடு மாடிக்கு ஓடி வந்தான். "அங்கிள், மின்மினி பிடிச்சேன், லைட்டே எரியல. ரிப்பேரா?" திறந்து பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஒல்லியாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்டு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. ரிப்பேர் இல்லை, இந்த ஜாதிக்கு லைட்டே கிடையாது. ஆங்கிலத்தில் சோல்ஜர் பீட்டில் என்பார்கள், நாம் சிப்பாய் வண்டு என்று வைத்துக்கொள்வோம்.

சண்டை போடுவதால் வந்த பெயர் இல்லை. முதலில் பெயர் வாங்கிய சில இனங்களின் சிவப்பு, அந்தக் காலத்து பிரிட்டிஷ் பட்டாளத்தின் சிவப்பு மேலங்கியை ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான். எங்கள் அல்சூரில் இதை விளக்கவே வேண்டாம். 1809 வாக்கில் பெங்களூரில் கண்டோன்மெண்ட் போட்டபோது, பட்டாளத்தின் பின்னாலேயே வந்து குடியேறியவர்களின் வாரிசுகள்தான் இங்கே நிறைய பேர்.

ஆனால் இந்தச் சிப்பாயிடம் கவசம் இல்லை என்பதுதான் வேடிக்கை. சின்ன வயதில் பொன்வண்டு பிடித்து விளையாடியவர்களுக்குத் தெரியும், அதன் முதுகைத் தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும். வண்டுகளுக்கு நான்கு இறக்கை; முன் இரண்டும் கெட்டியாகி மூடியாகிவிட, பறக்கிற மெல்லிய இறக்கைகள் அதற்கடியில் மடிந்து பத்திரமாக இருக்கும். இதுவரை பெயர் வைக்கப்பட்ட வண்டினங்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் என்றால், இந்த மூடிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. சிப்பாய் வண்டின் மூடியோ, விரலால் லேசாகத் தொட்டாலே பழைய மணிபர்ஸ் தோல் மாதிரி வளைகிறது.

அப்புறம் எப்படித் தைரியமாகப் பட்டப்பகலில் பூவின் மேல் உட்கார்ந்து மகரந்தம் தின்கிறது? விஷயம் உடம்புக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் ஒரு சிப்பாய் வண்டின் மார்பிலும் வயிற்றின் ஓரங்களிலும் ஜோடி ஜோடியாகச் சுரப்பிகள் இருக்கின்றன, சீண்டினால் பால் மாதிரி ஒரு திரவம் கசியும். அதிலிருப்பது டைஹைட்ரோமெட்ரிகேரியா அமிலம் என்று பூச்சி ஆராய்ச்சியாளர் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் 1968இல் கண்டுபிடித்தார்கள். வாயில் நுழையாத பெயர். தாவும் சிலந்திக்கு அந்தப் பொருளே வாயில் நுழைவதில்லை, கடித்துவிட்டுத் துப்பிவிடும். அந்தப் பளிச் நிறமும் சும்மா இல்லை, ஒருமுறை வாய்வைத்துக் கெட்டவன் மறுமுறை நிறத்தைப் பார்த்தே ஒதுங்கிவிடுவான்.

பெயரில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானப் பெயர் காந்தாரிடே, ஆனால் தோலில் கொப்புளம் போட வைக்கும் காந்தாரிடின் விஷம் இதனிடம் இல்லை, அது கொப்புள வண்டு என்கிற வேறொரு குடும்பத்தின் சொத்து. பாவம், பெயர் மட்டும் இங்கே மாட்டிக்கொண்டது.

பையன் மின்மினி என்று நினைத்ததில் தப்பே இல்லை. இரண்டும் நெருங்கிய சொந்தம், மின்மினிக்கும் அதே மெத்து இறக்கை, அதே கசப்பு உடம்பு. வித்தியாசம் பார்க்கத் தலையைப் பாருங்கள்: மின்மினியின் தலை மேலிருக்கும் கேடயத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும், சிப்பாய்க்குத் தலை முன்னால் நன்றாகத் தெரியும்.

புழுப் பருவம் தனிக்கதை. உடம்பு முழுக்க வெல்வெட் மாதிரி மெல்லிய முடியோடு ஈர மண்ணிலும் சருகடியிலும் திரிந்து நத்தை, சின்னப் புழு, பூச்சி முட்டை என்று அகப்பட்டதையெல்லாம் வேட்டையாடும். வளர்ந்த வண்டுகளிலும் சில செடியில் மொய்க்கும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். அதனால் தோட்டத்தில் பார்த்தால் மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு கசப்பையும் மீறி இதை வீழ்த்துவது ஒரு பூஞ்சை. அமெரிக்காவில் அந்தப் பூஞ்சை தொற்றிய வண்டு சாகும் நேரத்தில் பூவைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கும். பல மணி நேரம் கழித்து, பிணத்தின் இறக்கைகள் தாமாக விரியும், வயிற்றுக்குள்ளிருந்து பூஞ்சை வெளியே வரும், அதே பூவுக்குத் தேன் குடிக்க வரும் அடுத்த வண்டின் மேல் வித்துகள் ஒட்டிக்கொள்ளும்.

இதைப் பையனிடம் சொல்லவில்லை. தீப்பெட்டியை மாடித்தொட்டியில் பூத்திருந்த கொத்தமல்லி மேல் கவிழ்த்தோம். வண்டு காம்பில் ஏறி, உச்சிப் பூவைத் தொட்டதும் இறக்கையை விரித்துப் பறந்துவிட்டது.