பழைய கல்லூரியை மறைக்காதீர்கள்: பாதியில் நின்ற படிப்பை வெளிநாட்டில் முடிக்க நினைப்பவர்களுக்கு

முப்பது வயதைத் தாண்டிய பிறகு, விட்ட டிகிரியை வெளிநாட்டில் முடிக்க வேண்டும் என்று கோவையில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை பார்க்கிறவர், கல்யாணத்துக்காக மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்திய பெண் என்று எல்லோரும் உண்டு. முன்னால் எங்கே படித்தீர்கள், எத்தனை செமஸ்டர் முடித்தீர்கள் என்று கேட்டால்தான் குரல் இறங்கிவிடும். "ஏனுங்க சார், அரியர் இருக்குதுங்க. அதைக் காட்டாம பிளஸ் டூ மார்க்கை மட்டும் வெச்சுப் போட்டா ஆகாதுங்களா? ஏஜென்ட் அப்படித்தானுங்க சொன்னாரு."

ஆகாது. நான் இதை எழுதுவதே அந்த ஒரு யோசனையைத் தடுக்கத்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத்தில், பிளஸ் டூவுக்குப் பிறகு சேர்ந்த எல்லாக் கல்லூரிகளையும் எழுதச் சொல்வார்கள். ஒரே செமஸ்டர் படித்து நின்றிருந்தாலும் எழுத வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் சேர்க்கையை ரத்து செய்யலாம், பட்டம் கொடுத்த பிறகும் திரும்பப் பெறலாம். அதோடு விசாவுக்கான டிஎஸ்-160 படிவமும் நீங்கள் படித்த இடங்களைக் கேட்கும். இரண்டிலும் வேறு வேறு பதில் இருந்தால் தூதரக அதிகாரி சந்தேகப்பட அதுவே போதும். பொய் சொல்லி விசா கேட்டதாக முடிவானால் கனடாவில் 5 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு வரை தடை. அமெரிக்காவில் அது வாழ்நாள் முழுக்கவும் தொடரலாம். இப்படி யோசனை சொன்ன ஏஜென்ட் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

இன்னொரு பக்கம், மறைக்க நினைக்கிற அந்தப் பழைய மார்க் ஷீட்டில்தான் உங்கள் பணம் இருக்கிறது. அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாஸான பாடங்களுக்குத் தரும் அலகு) வேண்டும். அதில் குறைந்தது 30, சில இடங்களில் 60, அவர்களிடமே படித்தாக வேண்டும். மீதிக்கு நீங்கள் இங்கே பாஸான பாடங்களைக் கணக்கில் எடுக்க வாய்ப்புண்டு. பாஸாகாத பாடம் கிரெடிட்டாக மாறாது, அவ்வளவுதான். நாலு பேப்பர் அரியருக்காக, பாஸான இருபது பேப்பரையும் சேர்த்துப் புதைக்காதீர்கள். பழைய தொழில்நுட்பப் பாடங்களைச் சில துறைகள் ஏற்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்தபோது கோயம்புத்தூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்தது. சில ஆண்டுகளில் மறுபடியும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் பொறியியல் படித்தவர்களின் மார்க் ஷீட்டில் இன்றைக்கு இல்லாத ஒரு பெயர் அச்சாகியிருக்கும். வெளிநாட்டில் உங்கள் மார்க் ஷீட்டை மதிப்பீடு செய்கிறவருக்கு இது குழப்பம் தரும். எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டோடு, பெயர் ஏன் மாறியது என்று ஒரு பாரா விளக்கமும் வைத்துவிடுங்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

கிரெடிட் கணக்கிட ஒவ்வொரு பாடத்தின் சிலபஸும் கேட்பார்கள். இணையத்தில் முதலில் கிடைக்கிற 2021 ரெகுலேஷனை (அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறையை) எடுத்து அனுப்பிவிடாதீர்கள். 2009-ல் சேர்ந்திருந்தால் உங்களுடையது பெரும்பாலும் 2008 ரெகுலேஷன். மார்க் ஷீட்டில் இருக்கிற பாடக் குறியீடும் சிலபஸில் இருக்கிற குறியீடும் ஒன்றா என்று பேனாவால் டிக் அடித்துப் பாருங்கள். அப்புறம் கல்லூரியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சீல் வாங்குங்கள். பாக்கி ஃபீஸைச் சொல்லி அசல் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறார்களா? அப்படி வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. கல்லூரி முதல்வரிடம் எழுத்து மூலம் கேட்டு, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இடைவெளி ஆண்டுகளுக்குச் சான்று கேட்டால், "அப்பா கூட மில்லைப் பார்த்துக்கிட்டேனுங்க" என்பார்கள். அது உண்மைதான், நல்ல அனுபவமும்கூட. ஆனால் குடும்பத் தொழிலில் சம்பளச் சீட்டு இருக்காது. கூட்டு ஒப்பந்தப் பத்திரம், ஜிஎஸ்டி பதிவு, சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, உங்கள் பெயரில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் கடிதம் ஆகியவற்றில் கிடைப்பதைத் திரட்டுங்கள். காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கவே வாங்காதீர்கள். பிறகு, அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்பதைக் கட்டுரையில் நேராக எழுதுங்கள். ஆர்டர் ரத்தானபோது தையல்காரர்களுக்குக் கூலி கொடுக்க என்ன வழி பார்த்தீர்கள் என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளையால் எழுத முடியாது.

வயதை ஒரு குறையாகப் பார்க்காத இடங்கள் நிறைய. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனரல் ஸ்டடீஸ் கல்லூரி, படிப்பில் ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளி விட்டவர்களுக்கென்றே நடக்கிறது. ஸ்மித் கல்லூரியின் ஏடா காம்ஸ்டாக் திட்டம், வழக்கமான கல்லூரி வயதைத் தாண்டிய பெண்களுக்கானது. பிரிட்டனில் 21 வயதுக்கு மேல் இளங்கலை சேர்கிறவர்களை முதிர்ந்த மாணவர்கள் என்று தனியாகவே கவனிக்கிறார்கள்.

வயது உண்மையாகவே இடிக்கிற இடங்கள் வேறு. ஆஸ்திரேலியாவில் படிப்பு முடித்து வேலை பார்க்கத் தரும் விசாவுக்கான வயது வரம்பை 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு 50-லிருந்து 35-ஆகக் குறைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் 30 வயதோடு மாணவருக்கான சலுகைக் காப்பீட்டுக் கட்டணம் நின்றுவிடும். பிரிட்டனில் இளங்கலைப் படிப்புகளுக்குப் பொதுவாக மனைவி, கணவர், பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கிறவரோடு போகிற துணைவர் வேலை பார்க்க முடியாது. குடும்பம் இருக்கிறவர்கள் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

பணத்துக்கு, பொள்ளாச்சித் தோப்பை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. விவசாய நிலத்தை இதற்கு ஈடாக வங்கிகள் பொதுவாக எடுப்பதில்லை. கடன் திரும்பாவிட்டால் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் அதை எடுக்க முடியாது என்பது காரணம். வீடோ மனையோ யார் பெயரில் இருக்கிறது, பட்டா மாற்றியாகிவிட்டதா என்று இப்போதே பாருங்கள், வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் அதைச் சரிசெய்ய மாதக் கணக்கில் ஆகும். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால், அந்தத் தேர்வுக்கு இந்த வேலைகள் முடிந்த பிறகு பணம் கட்டுங்கள்.