சின்னப் பெட்டி போதும், திறக்கிற பெட்டியாக இருக்கட்டும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகு என் சர்வீஸ் கடை வாசலில் சிபியுக்கள் வரிசையாக வந்து நின்றன. வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லாமே மேஜைக்குக் கீழே தரையில் இருந்த பெட்டிகள். உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினால் சேறு வழிந்தது. அதே நேரத்தில், வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதும் ஒரு அக்காவின் சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வைத்திருந்தது மானிட்டரின் முதுகில் மாட்டியிருந்த குட்டி டெஸ்க்டாப். வாசலில் தண்ணீர் ஏறியதும் மானிட்டரோடு சேர்த்துத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். மூன்று கடைகளின் வருஷக் கணக்கு அதில்தான் இருந்தது.

அதற்கப்புறம் சின்ன டெஸ்க்டாப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வாங்கும்போது எல்லோரும் கேட்பது வேகம். ரெண்டு வருஷம் கழித்து அதே ஆட்கள் வந்து கேட்பது, "அண்ணா, இதைத் திறக்க முடியுமா? ரேம் ஏத்த முடியுமா?" ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். இந்த ரெண்டாவது கேள்வியை வாங்கும் முன்பே கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த தலைமுறைச் சின்னக் கணினியிடம் என் வாடிக்கையாளர்கள் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் இதுதான்.

ஆப்பிளின் மேக் மினியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் வந்தது. 2010 முதல் 2012 வரை வந்த மாடல்களில் அடியில் வட்டமான கறுப்பு மூடி இருக்கும். கையால் திருகினால் கழன்றுவிடும், ரேமை நாமே மாற்றிக்கொள்ளலாம். 2014 மாடலில் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். 2018-இல் ரேம் மறுபடி சாக்கெட்டுக்கு வந்தது, ஆனால் ஃபைல்களை வைத்திருக்கும் ஸ்டோரேஜ் போர்டில் ஒட்டிக்கொண்டது. 2020-இல் எம்1 சிப் வந்ததிலிருந்து ரேம் சிப்போடு ஒரே பொதிக்குள் போய்விட்டது. வாங்கும் நாளில் எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான். 2024-இல் வந்த எம்4 மேக் மினி 12.7 செ.மீ. சதுரம், 5 செ.மீ. உயரம். நல்ல மெஷின், ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி ரேம் தருகிறார்கள். அதில் ஸ்டோரேஜ் தனிக் கார்டாகச் சாக்கெட்டில் இருந்தாலும், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டி அதில் சேராது.

சிப்போடு ரேம் சேர்ந்திருந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் பெரும்பாலோர் வாங்குவது இன்றைக்குக் கையில் இருக்கும் காசுக்குத்தான். இப்போது 8 ஜிபி, தீபாவளி போனஸ் வந்தால் இன்னொரு 8 என்று வாங்குகிற குடும்பத்துக்கு அந்தக் காலி ஸ்லாட் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. அதை மூடிவிட்டால், ரேம் போதாத அன்றைக்கு முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும்.

புதுசு வாங்க முடியாதவர்களுக்கு ஆபீஸ்களில் இருந்து கழித்துவிட்ட ஒரு லிட்டர் பெட்டிகள் இருக்கின்றன. கொள்ளளவு ஏறக்குறைய ஒரு லிட்டர் என்பதால் அந்தப் பெயர். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நிறையக் கிடைக்கும். பெரும்பாலான மாடல்களில் ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கும், ஸ்டோரேஜையும் மாற்றலாம். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறையாகப் போட இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-6500டி என்று ஸ்டிக்கரில் இருந்தால் அது 6-ஆம் தலைமுறை, ஐ5-8500டி என்றால் 8. விலை மலிவாக இருக்கிறதே என்று 6-ஐ வாங்கி வந்து, "தம்பி, லெவன் போடு" என்று கேட்கும் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு மனசே வராது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் 6-உம் நன்றாகவே ஓடும்.

அடுத்தது கரண்ட். இங்கேதான் அதிகப் பெட்டிகள் சாகின்றன.

சின்ன டெஸ்க்டாப்புகளில் பலவற்றுக்கு அடாப்டர் வெளியே இருக்கும். அது நல்லது, வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதலில் அடிவாங்குவது அடாப்டர்தான், போர்டு தப்பிக்க வாய்ப்பு உண்டு. சிக்கல் என்னவென்றால், என்100 போன்ற சிப் போட்ட மலிவான பெட்டிகள் பல 12 வோல்ட் கேட்கும், ஆபீஸ் பெட்டிகள் 19 அல்லது 20 வோல்ட் கேட்கும். உருண்டை பின்னைப் பார்த்தால் ரெண்டும் ஒன்று போலவே இருக்கும், சில சமயம் கச்சிதமாகப் பொருந்தியும் விடும். திருவொற்றியூரில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். அடாப்டர் தொலைந்ததால் லேப்டாப் அடாப்டரைச் செருகியிருக்கிறார். 12 வோல்ட் பெட்டிக்குள் 19 போனது. போர்டில் உயிரே இல்லை. ப்ராஜெக்ட் வைவாவுக்கு நாலு நாள் இருந்தது. எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வந்ததால் ஃபைல்களை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் போர்டில் ஒட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அதனால்தான் அடுத்து வரும் பெட்டிகள் எல்லாமே யுஎஸ்பி-சியில் கரண்ட் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதில் தொடக்கத்தில் 5 வோல்ட் மட்டும்தான் போகும், பெட்டி எவ்வளவு கேட்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அடாப்டர் ஏற்றிக் கொடுக்கும். அது வரும்வரை, வாங்கிய அன்றே அடாப்டரில் பெட்டியின் பெயரை மார்க்கரில் எழுதி வையுங்கள். ரௌட்டருக்கு வாங்கிய மினி யுபிஎஸ்ஸை இதில் செருகாதீர்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் போதும். பெரிய கேபினட்டைப் பத்து நிமிஷம் தாங்குவது, சின்னப் பெட்டியையும் ஒரு எல்இடி மானிட்டரையும், பேட்டரி நன்றாக இருந்தால், அரை மணிக்கு மேலேயே தாங்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளில் எர்த் இருக்காது. உலோகப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறது என்பார்கள். அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டி கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த் இருந்தால் அதில் போய்விடும். பெட்டியில் கோளாறு என்று நினைத்துப் போர்டை மாற்றாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுர்ரென்பது வலிக்கிற ஷாக்காக மாறினால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

காற்றையும் சொல்லியாக வேண்டும். காசிமேட்டில் உப்புக் காற்று, எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசு. ரெண்டும் சேர்ந்து குட்டி ஃபேனில் களிம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். "வாங்கினப்ப நல்லா இருந்துச்சுப்பா, இப்ப ஹேங் ஆகுது" என்று வருவதில் பாதி இந்த விஷயம்தான். ஃபேனைத் துடைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் சில மாடல்களில் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பரை உரித்து, அதற்குக் கீழே ஒளித்திருக்கும் ஸ்குருவைக் கழற்றவே அரை மணி ஆகிறது. தண்ணீரில் அலசி மாட்டுகிற ஒரு தூசு வலை, ஒரே ஸ்குருவில் திறக்கிற மூடி. இந்த ரெண்டும் வந்தால் என்னிடம் வரும் வேலை குறையும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

போர்ட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். எம்4 மேக் மினியில் பழைய யுஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் சி. ரசீது அடிக்கும் பிரின்டரும் விரல்ரேகைக் கருவியும் வைத்திருக்கும் கடைக்காரர் தனியாக ஹப் வாங்க வேண்டியிருக்கும். பெயர் தெரியாத பிராண்டில் வாங்கினால், உள்ளே ஏற்கெனவே ஏற்றியிருக்கும் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தொழிற்சாலையிலிருந்தே உளவு மென்பொருளோடு வந்த மினி பிசிக்கள் 2024-இல் பிடிபட்டிருக்கின்றன.

அந்த டேலி அக்கா போன வாரம் வந்தார். இன்னொரு 8 ஜிபி ரேம் போட வேண்டும் என்றார். மூடியைத் திறந்து, போட்டு, மூட ஆறு நிமிஷம் ஆனது. டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்.