சனியை எதிர்த்திசையில் சுற்றும் ஃபீபி

மதுரையில் மொட்டைமாடியில் ஒரு சிறிய தொலைநோக்கியை வைத்தால் சனியின் வளையங்கள் தெரியும், அதன் மிகப்பெரிய துணைக்கோளான டைட்டனும் தெரியும். ஃபீபி தெரியாது. சனியிலிருந்து சுமார் 1.3 கோடி கிலோமீட்டர் தள்ளி, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் இருண்ட துணைக்கோள் அது. குறுக்களவு ஏறத்தாழ 213 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோடு போட்டால் வரும் தூரம். பெருவில் எடுத்த ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்து அமெரிக்க வானியலாளர் வில்லியம் பிக்கரிங் 1899-இல் இதை அறிவித்தார். ஒளிப்படத்தின் மூலம் கண்டறியப்பட்ட முதல் துணைக்கோள் இதுவே.

சனி தன்னைத்தானே சுற்றும் திசைக்கு எதிராக ஃபீபி செல்கிறது. திருப்பரங்குன்றத்துக் கிரிவலத்தில் எல்லோரும் ஒரே பக்கமாக நடக்க, ஒருவர் மட்டும் எதிரே வந்தால், அவர் இந்தக் கூட்டத்தோடு புறப்பட்டவர் அல்ல என்று தெரிந்துவிடும். சனியைச் சூழ்ந்து சுழன்ற வாயு, தூசித் தட்டில் பிறந்தவை அந்தச் சுழற்சியையே பெற்றிருக்கும். ஆகவே ஃபீபி வெளியிலிருந்து வந்து சிக்கியது.

சிக்குவது எளிதல்ல. அருகே வரும் பொருளைச் சனி இழுக்கும்போது அதன் வேகமும் கூடுகிறது. கூடிய அந்த வேகமே அதை மறுபக்கம் வெளியேற்றிவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால் நடுவழியில் வேகம் குறைய வேண்டும். இளம் சனியைச் சுற்றியிருந்த வாயுவின் உராய்வோ, வேறொரு பொருளுடன் மோதலோ, கோள்கள் ஒன்றையொன்று நெருங்கியபோது ஏற்பட்ட ஈர்ப்புக் குழப்பமோ அதைச் செய்திருக்கலாம். சிக்கிய பின், இவ்வளவு தொலைவில் சூரியனின் ஈர்ப்பும் தொந்தரவு தரும். அதை எதிர்த்திசைப் பாதைகளே கூடுதலாகத் தாங்குகின்றன.

2004 ஜூனில் காசினி விண்கலம் சுமார் 2,068 கிலோமீட்டர் அருகில் சென்று, பள்ளங்கள் நிறைந்த தரையையும் நீர்ப்பனியையும் உறைந்த கார்பன் டை ஆக்சைடையும் கண்டது. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிப்பொருள்களின் உறவினன் என்று கருத இதுவும் ஒரு காரணம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி தூசி. விண்கற்கள் மோதி ஃபீபியிலிருந்து கிளம்பும் தூசி மாபெரும் வளையமாகப் பரவியிருப்பதை, ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் கண்டதாக 2009-இல் அறிவித்தார்கள். சூரிய ஒளியின் தாக்கத்தால் அத்தூசி மெல்ல உள்ளே நகர்கிறது. எப்போதும் ஒரே முகத்தை முன்வைத்துச் செல்லும் ஐயாபிட்டஸ் துணைக்கோள் அதை நேரெதிராகச் சந்திப்பதால், முன்முகத்தில் மட்டும் தூசி படிகிறது. இருண்ட பகுதி கூடுதல் வெப்பத்தை ஈர்க்கிறது. அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த பின்முகத்திலும் துருவங்களிலும் உறைகிறது. 1671-இல் வானியலாளர் ஜியோவானி காசினி ஐயாபிட்டஸைச் சனியின் மேற்கே மட்டும் கண்டு, கிழக்கே காணாமல் தவித்ததற்குக் காரணம் இந்தக் கருமையே: கிழக்கே இருக்கும்போது கரிய முன்முகம்தான் நம் பக்கம் திரும்பியிருக்கும்.