மைட்டர் சா: கண்ணுக்குத் தெரியாத தூளுக்கு என்ன செய்கிறீர்கள்?

வீட்டுப் பட்டறையில் மரவேலை பழகுபவர்களுக்குச் சொல்லித் தரும்போது ஒன்றைத் தவறாமல் செய்வேன். மைட்டர் சாவில், அதாவது கட்டையை நேராகவோ கோணமாகவோ குறுக்கே அறுக்க மேலிருந்து கீழே இறக்கும் வட்ட வாளில், நாலைந்து கட்டைகளை அறுத்து, பிளேடு முழுவதுமாக நின்றதும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டுவேன். பத்து நிமிடம் கழித்தும் அந்த வெளிச்சத்தில் தூள் மிதந்துகொண்டிருக்கும். தரையைப் பெருக்கினால் போதும் என்று இருந்தவர்கள் அதற்கப்புறம்தான் முகமூடி எங்கே என்று தேடுகிறார்கள்.

மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கின் உட்பகுதியும் சைனஸும்தான் அதில் முக்கியமாகப் பாதிக்கப்படுபவை. ஆஸ்துமாவும் வரலாம்.

மற்ற மெஷின்களைவிட இதில் தூளைப் பிடிப்பது கஷ்டம். பிளேடின் கீழ்ப்பகுதி நம்மிடமிருந்து பின்பக்கமாகச் சுழல்வதால், கட்டையைச் சாய்த்து வைக்கும் தடுப்பான ஃபென்ஸுக்குப் பின்னால் தூள் மேல்நோக்கி வீசப்படுகிறது. கோணத்தைத் திருப்பினால் அது போகும் திசையும் மாறுகிறது. மெஷினோடு வரும் துணிப்பை கொஞ்சத்தைத்தான் பிடிக்கும். நுண்தூளை அந்தத் துணியே வெளியே விட்டுவிடும்.

தூளை உறிஞ்சும் பெரிய மெஷினான டஸ்ட் கலெக்டரை வாங்கி, அதன் 100 மி.மீ. ஹோஸைச் சுருக்கி, மெஷினில் உள்ள 35 மி.மீ. வாயில் மாட்டிவிடுகிறார்கள். பலர் காசை வீணாக்குவது இங்கேதான். வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. டஸ்ட் கலெக்டர் நிறையக் காற்றை நகர்த்தும், ஆனால் அதன் இழுவிசை குறைவு. சின்ன ஓட்டை வழியாக அதனால் இழுக்க முடியாது. அந்த வாய்க்கு வேக்குவம் கிளீனர்தான் சரி. டஸ்ட் கலெக்டரை மெஷினுக்குப் பின்னால், வீசப்படும் தூளைத் தாங்கிக்கொள்ளப் பெட்டி மாதிரி ஒரு கூண்டு கட்டி அதில் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் உண்மையான பலன்.

கூண்டைப் பிளைவுட்டிலேயே செய்துவிடலாம். மெஷினை இரண்டு பக்கமும் 45 டிகிரி திருப்பிப் பாருங்கள், ஸ்லைடிங் மாடல் (பிளேடு முன்னும் பின்னும் நகரும் வகை) என்றால் பின்னுக்குத் தள்ளியும் பாருங்கள், எங்கும் இடிக்கக் கூடாது. அந்த அளவுக்கு மேல் ஒரு விரற்கடைகூடப் பெரிதாக வேண்டாம், கூண்டின் வாய் அகல அகல இழுவை குறையும். அடித்தளத்தைச் சரிவாக்கி, தூள் சறுக்கி விழும் இடத்தில் ஹோஸை வையுங்கள். ஹோஸ் குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும்.

பிளேடுக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் மடல் பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும். மெல்லிய ரப்பர் துண்டு ஒன்றைச் சேர்த்து நீளமாக்கினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் எந்தக் கோணத்திலும் அது பிளேடில் படக் கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

வேக்குவத்தில் நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போடுங்கள், இல்லாவிட்டால் பிடித்த நுண்தூளை மறுபக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும். அதே வேக்குவத்தை மாட்டிக்கொண்டு உலோகம் அறுக்கவே கூடாது. ஒரு தீப்பொறி உள்ளே போனால் தூள் பற்றிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தாலும் முகமூடி வேண்டும். அறுத்து முடித்த உடனே அதைக் கழற்றாதீர்கள், டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அந்தத் தூள் அப்போதும் உங்கள் மூக்கின் உயரத்தில்தான் இருக்கிறது.