தண்ணீர் குறைந்தால் எச்பியைக் கூட்டாதீர்கள்

என் ரிப்பேர் கடைக்கு இந்தப் பங்குனியில் மட்டும் வந்த ஐந்தாவது கருகிய மோட்டார் இது. பாலக்காடு ஜில்லா வடகரப்பதி பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து நேற்று வந்தது, 7.5 எச்பி, போர்வெல்லில் இறக்கிப் பதினோரு நாள்தான் ஆகிறது. பம்பைக் கழற்றினால் உள்ளே தண்ணீரைச் சுற்றித் தள்ளுகிற பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் எல்லாம் வெல்லப்பாகு மாதிரி இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன, ஷாஃப்ட் அசையவே மாட்டேன் என்கிறது, மோட்டாரைத் திறந்ததும் கடை முழுக்கக் கருகின வாடை. தோட்டக்காரர் கேட்கிறார், "கம்பெனி சரியில்லைங்களா?"

கம்பெனி சரியாகத்தான் இருக்கிறது. போன மாதம் வரைக்கும் அதே போரில் 5 எச்பி ஓடியது. தண்ணீர் குறைந்தது, உடனே 7.5 வாங்கி மாட்டிவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பெரிய மோட்டார் போட்டால் பூமிக்குள் ஊற்று பெரிதாகாது. டம்ளரில் இருக்கிற மோரை அகலமான குழாய் வைத்து உறிஞ்சினால் சீக்கிரம் தீருமே தவிர, மோர் கூடுமா?

கணக்காகவே பார்த்துவிடலாம். ஆறரை இன்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். அவர் போரில் மோட்டாருக்கு மேலே 100 அடி தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 650 லிட்டர். ஊற்று மணிக்கு 1,400 லிட்டர் கொடுக்கிறது. 480 அடியிலிருந்து அந்த 7.5 எச்பி மணிக்கு 7,000 லிட்டர் இழுக்கும். ஏழே நிமிஷம், கதை முடிந்தது. அதற்கு மேல் காற்றும் மணலும்தான் வரும்.

"ஒன்றரை இன்ச் தண்ணி இருக்குதுன்னு போர் வண்டிக்காரர் சொன்னாருங்களே?" சொல்லியிருப்பார். அந்த இன்ச் என்பது வி வெட்டுப் பலகையில், அதாவது தண்ணீர் வழிந்து ஓட V எழுத்து மாதிரி வெட்டின பலகையில், தண்ணீர் ஏறி நிற்கும் உயரம். ஒரு இன்ச்சுக்கு மணிக்குச் சுமார் 500 லிட்டர், ஒன்றரைக்கு 1,400, இரண்டுக்கு 2,900. இரண்டு இன்ச் என்றால் ஒரு இன்ச்சைப்போல் இரண்டு மடங்கு இல்லை, ஐந்து மடங்குக்கும் மேலே! அரை இன்ச் குறைந்தால் பாதி தண்ணீர் போய்விடும். அதுவும் அவர் அளந்தது போர் போட்ட அன்றைக்கு, இந்தக் கோடையில் இல்லை. கேரளா என்றால் மழை கொட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், எங்கள் பக்கத்து வேலந்தாவளத்துக்கும் எருத்தேம்பதிக்கும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே மோட்டார் வாங்க வருவதற்கு முன்னால் ஒரு 200 லிட்டர் டிரம்மை வையுங்கள். தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வரும்படி வால்வைக் குறைத்து, இப்போது இருக்கிற மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் டிரம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று போனில் பாருங்கள். முதல் பத்து நிமிஷத்தில் அளந்து என்னிடம் கொண்டுவராதீர்கள், அது போரில் தேங்கி நின்ற தண்ணீரின் கணக்கு. நேற்றைய போருக்கு 2 எச்பி, அதிக ஸ்டேஜ், அதாவது அடுக்கடுக்காக அதிக இம்பெல்லர் உள்ள பம்பு போதும். சொன்னால் அவருக்குக் கோபம், "வீட்டு டேங்குக்குப் போடறதைத் தோட்டத்துக்குச் சொல்றீங்களே!" அந்த 2 எச்பி பத்து மணி நேரம் நிற்காமல் ஓடினால் 14,000 லிட்டர். பதினோரு நாளில் கருகிய 7.5 எத்தனை லிட்டர் கொடுத்தது என்று கேட்டேன், பதில் இல்லை.

இன்னொன்று, "ஸ்டார்ட்டரில் ரிலே இருக்குதே, ஏன் டிரிப் ஆகலை?" ஓவர்லோடு ரிலே ஆம்ப்ஸ் கூடினால்தான் விழும். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது சுமை இல்லாததால் ஆம்ப்ஸ் குறைந்துவிடுகிறது, ரிலேவுக்கு எல்லாம் சுகமாக இருப்பதுபோல்தான் தெரியும். அதற்குத்தான், தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்துகிற டிரை ரன் பிரிவென்டர் தனியாக இருக்கிறது. அடிக்கடி விழுகிறது என்று அதைச் சேர்க்காமல் வயரை டைரக்ட் செய்துவிட்டு, கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுத் தூங்கப் போகிறவர்களை என்ன சொல்ல? விழுவதுதான் அதன் வேலை.

தண்ணீர் திடீரென்று பாதியானால் போர் வற்றிவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரிலோ லைனிலோ வேலை நடந்ததா என்று கேளுங்கள். கரண்டின் மூன்று பேஸ் வரிசை மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், தண்ணீர் கொஞ்சமாக வரும். ஸ்டார்ட்டரில் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஒருவர் இது தெரியாமல் புது போரே போட்டார், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

புதிதாக இறக்குகிறவர்கள், தண்ணீர் நிரப்புகிற ரக மோட்டார் என்றால் அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி நிற்கும்வரை ஆட்டிவிட்டு இறக்குங்கள். கேபிளைப் பிடித்துத் தூக்கவே கூடாது, கயிறு எதற்கு இருக்கிறது? கேசிங், அதாவது போர் வாயில் நிற்கிற குழாயின் விளிம்பில் கேபிள் உரசாமல் ஒரு சாக்கு மடித்து வையுங்கள், நான் பார்க்கிற பாதி கேபிள் பழுது அங்கேதான் ஆரம்பிக்கிறது. போரின் அடியில் உட்காரவைத்தால் சேறு பிடிக்கும், பத்தடியாவது மேலே நிற்கட்டும். ஊற்று மோட்டாருக்கு மேலே இருந்தால் தண்ணீர் நேராகப் பம்புக்குள் போய்விடும், பம்புக்குக் கீழே இருக்கிற மோட்டாரைத் தொடாது, அதன் சூடு தணியாது. தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு போகும்படி அதற்கு வெளியே ஒரு உறைக்குழாய் மாட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். யாரும் கேட்பதில்லை, அதனால் கடைக்காரர்களும் சொல்வதில்லை.

மோட்டாரைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுவந்தால் காயில் கட்டித் தர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை போர் வாய் திறந்தே கிடக்கிறது, மேலே ஒரு சாக்கு, அதன்மேல் ஒரு கல். 2019இல் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் போருக்குள் விழுந்ததை டிவியில் எல்லோரும்தான் பார்த்தோம். தோட்டத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்ங்க, தயவுசெய்து மூடிவையுங்கள். இரும்பு மூடி என் கடையில் நாலைந்து கிடக்கிறது, காசு வேண்டாம், மோட்டாரை இறக்கிவைத்துவிட்டுப் போகும்போது ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.