நனிசைவம்: 'வீகன்' என்ற சொல்லும் வீட்டுச் சமையலறையும்

வீகன்: இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் என விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவர், அத்தகைய உணவு. தமிழில் நனிசைவர், நனிசைவம். 'வேகன்', 'வெஜன்' என்று ஒலிப்பது பிழை.

இந்த ஆங்கிலச் சொல் பிறந்த ஆண்டு 1944. பாலையும் விலக்கியவர்களுக்கென இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் தோழர்களும் தனிச் சங்கம் தொடங்கியபோது, 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் சேர்த்து இதை உருவாக்கினார்கள். பழைய சொல் பாலுக்கு இடம் கொடுத்ததால்தான் புதிய சொல் தேவைப்பட்டது.

தமிழிலும் அதே சிக்கல்தான். சைவம் என்பது சிவநெறியின் பெயர். அந்நெறியினர் உண்ட புலால் இல்லாத உணவுக்கு அது ஆகுபெயராயிற்று. அதில் பாலுக்கும் நெய்க்கும் தடையில்லை. திருக்குறளின் 26ஆம் அதிகாரமான 'புலால் மறுத்தல்' விலக்குவதும் ஊனைத்தான். ஆகவே 'சுத்த சைவம்' என்று சொன்னாலும் கேட்பவர் மனத்தில் தயிர் இருந்துகொண்டேதான் இருக்கும். 'தாவர உணவு' தட்டில் இருப்பதற்குப் பொருந்தும். ஆனால் தோல், பட்டு, கம்பளி ஆகியவற்றையும் தவிர்க்கும் வாழ்முறையை அது சுட்டாது.

'நனி' என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். 'உறுதவ நனியென வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள' என்கிறது தொல்காப்பியம். இதன்பின் வல்லெழுத்து மிகாது. எனவே 'நனிச்சைவம்' என்று எழுத வேண்டாம். 'நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்' என்பது நற்றிணை அடி. நண்பர் கொடுத்தால் நஞ்சையும் மறுக்காமல் உண்பதை அப்பாட்டு நாகரிகம் என்கிறது. நனிசைவரிடம் இந்த எதிர்பார்ப்பை வைக்கக்கூடாது. அன்போடு ஊற்றிய ஒரு கரண்டி நெய்யை அவர் மறுத்தால், மறுப்பது நெய்யை மட்டுமே; ஊற்றியவரை அல்ல.

வீட்டில் குழப்பம் வருவதும் சொல்லில்தான். சமைப்பவர் 'சைவம்தானே' என்று நினைத்து வெண்ணெயில் தாளித்துவிடுவார். 'பால் சார்ந்தது எதுவும் இல்லாமல்' என்று பொருள் பெயரைச் சொல்லிக் கேட்பதே பயன் தரும். பொட்டலங்களில் கேசீன், வே புரதம், லாக்டோஸ் என்றிருந்தால் அவை பாலிலிருந்து வந்தவை. ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. 'பாதாம் பால்' என்ற பெயர் பசும்பாலில் பாதாம் அரைத்துக் கலந்ததையும் குறிக்கும், பாதாமை நீரில் அரைத்து வடித்ததையும் குறிக்கும். சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நனிசைவம் என்ற சொல் எதை விலக்குவது என்று மட்டுமே சொல்கிறது. தட்டில் எது வர வேண்டும் என்று சொல்வதில்லை. பாலும் முட்டையும் போன இடத்தைச் சோறும் ரொட்டியும் மட்டும் நிரப்பினால் விரைவில் பசி, சோர்வு என்று முறையீடு வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 48 கிராம் புரதம் வேண்டும். ஒரு கோப்பை வெந்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 14 கிராம் இருக்கிறது. பருப்பு, பயறு, சோயா, கொட்டைகளில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். ஒரே நாளில் பயற்றை மிகுதியாகக் கூட்டினால் வயிறு உப்பும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, அளவைச் சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள்.

வைட்டமின் பி12இல் மட்டும் சமரசம் கிடையாது. அதை உருவாக்குபவை நுண்ணுயிரிகள். செறிவூட்டாத தாவர உணவில் நம்பத்தக்க அளவு இல்லை. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரம் ஒருமுறை குறைந்தது 2,000 மைக்ரோகிராம் என்பது நனிசைவர்களுக்கான பரிந்துரை. ஒரே வேளையில் மிகுதியாக எடுத்தால் உடல் அதில் சிறு பங்கையே உறிஞ்சும். வாராந்திர அளவு இவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும் என்பதால் 'இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே' என்ற எண்ணம் ஏமாற்றும். கீரை, பயறுகளில் நிறைந்துள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் சோகையை மறைத்துவிட, நரம்புப் பாதிப்பு உள்ளே வளரக்கூடும். கைகால் மரத்துப்போனால் காத்திராமல் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

இரும்புச்சத்துக்குப் பயற்றோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்க்கலாம். தேநீரும் காபியும் உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே. சுண்ணாம்புச் சத்துக்குப் பசலைக்கீரையை நம்ப வேண்டாம், அதன் ஆக்சலேட் உறிஞ்சலைத் தடுக்கும். கால்சியம் சேர்த்த சோயா பாலும் கால்சியம் உப்பில் உறையவைத்த டோஃபுவும் (சோயா பன்னீர்) மேல். ஒமேகா-3 கொழுப்புக்கு ஆளிவிதையைப் பொடித்து நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி; முழு விதை செரிக்காமலே வெளியேறிவிடும். சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு.

கருவுற்றவரும் குழந்தையும் நனிசைவத்துக்கு மாறுவதானால் உணவியல் வல்லுநர் உடனிருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சோயா பாலும் பாதாம் பாலும் பெயரளவில்தான் பால். தாய்ப்பாலுக்கோ, சிசுக்களுக்கென்றே தயாரித்த பால்மாவுக்கோ அவை ஈடாகா.