2.1 என்றால் எத்தனை ஏக்கர்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு கமக்காரர் அமைப்புக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் சிறியதொரு இணையச் செயலி எழுதிக்கொடுத்தேன். பெரும்போகத்துக்கு யார் எவ்வளவு காணியில் விதைக்கிறார்கள் என்று பதிந்து, பசளைக் கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. பதிவெல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால், வட்டையின், அதாவது அந்த வயல்வெளியின், மொத்தப் பரப்பு எல்லோருக்கும் தெரிந்த அளவைவிடக் குறைந்து நின்றது. நிரலில் பிழை தேடியே ஓர் இரவு போயிற்று. மறுநாள், வட்டையின் வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானை ஐயா திரையை ஒருமுறை பார்த்தார், சிரித்துவிட்டார்.

"தம்பி, இந்த 2.1 என்று கிடப்பது இரண்டு ஏக்கர் ஒரு றூட். உங்கள் கணினி அதை எப்படி வாசித்தது?"

இரண்டு ஏக்கரும் பத்தில் ஒரு பங்கும் என்று வாசித்திருந்தது. ஓர் ஏக்கருக்கு நான்கு றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச். ஆகவே அது 2.25 ஏக்கராக இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு காணியில் 24 பேர்ச் காணாமற்போயிருந்தது. இரண்டு ஏக்கர் மூன்று றூட்டை 2.3 என்று எழுதியவருக்கோ 72 பேர்ச் நட்டம். செயலி எங்கும் முறையிடவில்லை. அதன் கண்ணில் 2.1 குற்றமற்ற ஓர் எண்.

இந்த விபத்து நடந்த இடத்துக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் பெயர் வகை மாற்றம்: எழுத்தாக வந்ததை எண், திகதி போன்ற வேறொரு வகையாக ஆக்குவது. படிவத்தில் நாம் எண், திகதி, ஆம்-இல்லை என்று விதவிதமாக நிரப்புகிறோம். ஆனால் உலாவியிலிருந்து, செயலி இயங்கும் மறுமுனைக் கணினியான சேவையகத்துக்குப் புறப்படுவது எழுத்து மட்டும்தான். பெட்டியின் பெயர், ஒரு சமக்குறி, அதில் இட்ட எழுத்துகள்; அடுத்த பெட்டிக்கு முன் ஓர் & குறி. சாதாரணப் படிவம் இப்படியே ஒரு நீண்ட வரியாகப் போகிறது. எண் மட்டும் ஏற்கும் பெட்டி என்று அறிவித்திருந்தாலும் அதில் இட்ட 25 என்பது 2, 5 என்ற இரண்டு எழுத்துகளாகவே பயணம் செய்கிறது. தமிழுக்கு இந்தப் பயணம் இன்னும் நீளம். 'மட்டக்களப்பு' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் முறையின் கணக்கில் 12 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியோடு மூன்று எழுத்தாக விரிய, ஊரின் பெயர் 108 எழுத்து நீளத்தில் போய்ச் சேர்கிறது!

மறுமுனையில் அதை வாங்குவது ஃபிரேம்வொர்க் எனப்படும் சட்டகம், செயலி எழுதுவதற்கான ஆயத்த அடித்தளம். நிரல்மொழிக்கேற்ப, ஜாவாக்காரர்களுக்கு ஸ்பிரிங், பைதன்காரர்களுக்கு ஜாங்கோ, ரூபிக்காரர்களுக்கு ரெயில்ஸ். சட்டகம் முதலில் வரியை & குறிகளில் வெட்டி, % குறிகளை அவிழ்த்து, பெயரையும் எழுத்தையும் சோடி சோடியாக அடுக்குகிறது. பிறகு, நிரப்பப்பட வேண்டிய 'பொருளை', அதாவது ஒரு பதிவின் விவரங்களை நிரலுக்குள் தாங்கும் கட்டமைப்பை, பார்க்கிறது: இதில் 'பரப்பு' தசம எண், 'விதைப்பு நாள்' திகதி, 'மானியம் வேண்டும்' ஆம் அல்லது இல்லை. இந்த வகைகளை நிரலாளர் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பார். எழுத்திலிருந்து எண்ணுக்கு ஒன்று, எழுத்திலிருந்து திகதிக்கு ஒன்று என்று சட்டகத்திடம் மாற்றிகளின் பட்டியல் ஒன்று உண்டு. பொருத்தமானதை எடுத்து, எழுத்தைக் கொடுத்து, மதிப்பை வாங்கிப் பொருளில் இட்டு நிரப்புகிறது. நாமே எழுதிய மாற்றியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

மாற்றம் வேறு, சரிபார்ப்பு வேறு. 'ஐந்து' என்று எழுதினால் எண்ணாக மாற்றவே முடியாது. அது மாற்றத் தோல்வி. '-5' என்று எழுதினால் எண் கிடைக்கும், ஆனால் அப்படியொரு காணி பூமியில் இல்லை. அதைப் பிடிப்பது அடுத்த கட்டமான சரிபார்ப்பின் பொறுப்பு. மாற்றம் தோற்றால் நல்ல சட்டகம் இரண்டு காரியம் செய்யும்: பிழையைக் குறித்துக்கொள்ளும், ஆள் எழுதிய மூல எழுத்தையும் பத்திரப்படுத்தும். திரும்பக் காட்டும் படிவத்தில் அவர் எழுதியது அப்படியே இருந்தால்தானே எங்கே தவறினோம் என்று அவருக்குத் தெரியும்? இந்த நல்லெண்ணமே ஒருமுறை வினையாயிற்று. ஸ்ட்ரட்ஸ் 2 என்ற ஜாவா சட்டகத்தின் பழைய பதிப்புகளில், மாற்றம் தோற்றபின் திரும்பக் காட்டுவதற்காக வைத்திருந்த எழுத்து ஒரு நிரல் கோவையாக இயக்கப்பட்டது. வயதுப் பெட்டியில் எண்ணுக்குப் பதிலாகத் தந்திரமான ஒரு வரியை இட்டவர் சேவையகத்துக்கே கட்டளை கொடுக்க முடிந்தது. பின்னர் திருத்திவிட்டார்கள்.

ஆனாலும் எனக்குப் பயம் தோற்கும் மாற்றியிடம் இல்லை, ஊகிக்கும் மாற்றியிடம்தான். பி.எச்.பி. மொழியில் '12 மூட்டை' என்பதை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 என்று தரும். 'மூட்டை 12' என்றால் 0. ஜாவாஸ்கிரிப்ட் வெறும் பெட்டியையே 0 என்று எண்ணாக்கிவிடும். விளைச்சல் இன்னும் அளக்கப்படவில்லை என்று வெறுமையாக விட்டவரின் வயலில் ஒரு நெல்மணிகூட விளையவில்லை என்றாகிவிடுகிறது. சராசரியும் கூடவே விழுகிறது. பைதன் இந்த விடயத்தில் கறாரானது: வெறுமையாக விட்ட பெட்டியை எண்ணாக்கச் சொன்னால் பிழை என்று நின்றுவிடும்.

திகதியில் ஊகம் இன்னும் பொல்லாதது. நாம் 03/04 என்று எழுதுவது ஏப்ரல் மூன்று. அமெரிக்க வழக்கில் வாசிக்கும் மாற்றிக்கு அது மார்ச் நான்கு. புத்தாண்டு நாளை 14/04 என்று எழுதினால் பதினான்காம் மாதம் இல்லையென்று உடனே பிழை வரும். ஆக, பன்னிரண்டாம் திகதி வரை சத்தமில்லாமல் பிழையாகும், பதின்மூன்றிலிருந்துதான் அகப்படும். உலாவியின் திகதிப் பெட்டி திரையில் எப்படிக் காட்டினாலும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே ஒழுங்கில்தான் அனுப்புகிறது. அதைப் பயன்படுத்தினால் பாதித் தலைவலி போய்விடும்.

எண்போலத் தோன்றும் எல்லாம் எண்ணுமல்ல. 065 என்று தொடங்கும் மட்டக்களப்புத் தொலைபேசி இலக்கத்தை முழு எண்ணாக்கினால் முன்னாலுள்ள பூச்சியம் உதிர்ந்துவிடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து வரும், அங்கே மாற்றமே தோற்கும். புதியதில் 12 இலக்கங்கள். பலரும் வழமையாகக் கைவைக்கும் 32 பிட் முழு எண்ணின் உச்சமோ 2,147,483,647. அதற்குள் அந்த இலக்கம் அடங்காது. கூட்டவோ பெருக்கவோ போகாத எதையும் எழுத்தாகவே வைத்துக்கொள்வது என் வழக்கம்.

டிக் இடும் பெட்டி தனி ரகம். டிக் இட்டால் ஒரு மதிப்பு வரும். இடாவிட்டால் எதுவுமே வராது, பெட்டியின் பெயர்கூட வராது. 'வேண்டாம்' என்றவரையும் கேள்வியே கேட்கப்படாதவரையும் பிரித்தறிய முடியாது. ரெயில்ஸ் இதற்காக அதே பெயரில் மறைவான ஒரு பெட்டியில் 0 வைத்து முன்னாலேயே அனுப்புகிறது. டிக் இட்டிருந்தால் பின்னால் வரும் 1 அதை மூடிவிடும்.

ஓர் ஆச்சரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ௧௨ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். பைதனும் ஜாவாவும் அதைத் தயங்காமல் 12 என்று மாற்றித் தரும். ஜாவாஸ்கிரிப்ட் கைவிரிக்கும்.

காணிக் கணக்குக்கு வருகிறேன். பரப்புப் பெட்டியை ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்றாக உடைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே மதிப்பாக்கும் மாற்றி ஒன்றை எழுதினேன். உள்ளே தசமமே இல்லை. எல்லாம் பேர்ச்சில், முழு எண்ணாக. 2 ஏக்கர் 1 றூட் 20 பேர்ச் என்றால் 380. றூட் பெட்டியில் 4 என்று வந்தால் அதை இன்னோர் ஏக்கராக ஏற்றிவிடாமல் திருப்பிக் கேட்கும். பழைய பதிவுகளை மட்டும் எந்த மாற்றியிடமும் கொடுக்கவில்லை. 2.1 என்பதில் றூட்டை நினைத்தவர் யார், தசமத்தை நினைத்தவர் யார் என்று அந்த எழுத்தில் இல்லை. வட்டவிதானை ஐயாவும் நானும் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டோம்.